குளியலறையில் மணக்கிறதா? குற்றம் உங்களுடையதல்ல



வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து கொழும்பில் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர் பலர், வெளியே சொல்லக் கூசும் ஒரு கேள்வி உண்டு. “நாளுக்கு இரண்டு தரம் கழுவுகிறேன். பினோயில் ஊற்றுகிறேன். ஆனாலும் குளியலறையில் மணக்கிறதே, ஏன்?” என்பதுதான் அது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னால், “உங்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை” என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சம். விருந்தினர் வந்தால் அவமானம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றின் பின்னறையில் இருப்பவருக்கும் இந்தக் கவலை பொதுவானது.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். மலக்குழி மணம் பெரும்பாலும் அழுக்கினால் வருவதல்ல. குழாய்க்குள் அடைபட்டிருக்க வேண்டிய வாயு, ஏதோ ஒரு வழியால் வீட்டுக்குள் வருகிறது என்பதே அதன் பொருள். ஆகவே எவ்வளவு கழுவினாலும் போகாது. வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் போய்விடும். சில வழிகளை நாமே ஒரு வாளித் தண்ணீரால் அடைக்கலாம். சிலவற்றை வீட்டுச் சொந்தக்காரர்தான் செய்விக்க வேண்டும். எது யாருடைய பொறுப்பு என்று தெரிந்திருந்தால், தலை குனியாமல் பேசலாம்.

கழிவு எங்கே போகிறது?

கொழும்பில் கழிவு போவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தெருவுக்குக் கீழே செல்லும் பொதுக் கழிவுநீர்க் குழாய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரித்தானியர் காலத்தில் போடத் தொடங்கிய வலையமைப்பு இது. நகர எல்லைக்குள் இதைக் கொழும்பு மாநகரசபை பராமரிக்கிறது. நகரின் தெற்குப் பக்கக் கழிவு வெள்ளவத்தையிலும், வடக்குப் பக்கக் கழிவு முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீண்டு செல்லும் குழாய்கள் வழியாக வெளியேறும்படி அமைக்கப்பட்டது. நகரம் வளர்ந்த அளவுக்குக் குழாய்கள் வளரவில்லை. அவற்றைத் திருத்தவென 2009ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் ஒரு பெரிய திட்டம் தொடங்கப்பட்டது. கூரையில் விழும் மழைநீரையும் சிலர் இதே குழாயில் இணைத்துவிடுவதால், பெருமழை நாட்களில் தெருவிலுள்ள மூடிகளால் கழிவுநீர் பொங்குவதைக் காண்கிறோம்.

மற்றையது வீட்டு வளவுக்குள் இருக்கும் மலக்கழிவுத் தாங்கியும் உறிஞ்சுகுழியும். நகர எல்லையைத் தாண்டிய பல இடங்களில் இதுதான் வழக்கம். தாங்கிக்குள் கனமான கழிவு அடியில் தங்கும். கொழுப்பு மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் நிலத்தில் இறங்கும். காற்றில்லாமல் வாழும் பற்றீரியாக்கள் அடியில் தங்கியதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். அப்போது பிறக்கும் வாயுக்களில் ஒன்றுதான் கூழ்முட்டை போல மணக்கும் ஐதரசன் சல்பைட்டு. இன்னொன்று மெதேன். இதற்கு மணமில்லை, ஆனால் தீப்பற்றும்.

குழாயின் கழுத்தில் நிற்கும் தண்ணீர்

கொமட்டுக்கும் குந்தியிருக்கும் பீங்கானுக்கும் கீழே குழாய் வாத்தின் கழுத்துப் போல வளைந்திருக்கும். அந்த வளைவில் எந்நேரமும் சிறிது தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கழிவு போகும், வாயு திரும்பி வராது. 1775இல் இலண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற மணிக்கூடு செய்பவர் இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து உலகெங்கும் வீடுகளைக் காப்பது ஓரிரு அங்குலத் தண்ணீர்தான்.

முகம் கழுவும் தொட்டி, சமையலறைத் தொட்டி, குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துவாரம் ஆகிய எல்லாவற்றிலும் இப்படியொரு நீர்க்கதவு இருக்க வேண்டும். பாவிக்காமல் விட்ட துவாரத்தில் சில வாரங்களில் தண்ணீர் வற்றிவிடும். கதவு திறந்துவிடும். மணமும் வரும், கரப்பானும் வரும். ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்று திரும்பியதும் வீடு மணப்பதற்குக் காரணம் இதுதான்.

இது மணத்தோடு மட்டும் நிற்கும் விடயமல்ல. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவிய காலத்தில், ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் தொடர்மாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். வீடுகளின் தரைத் துவாரங்களில் தண்ணீர் வற்றியிருந்ததும், காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் குழாய்க்குள் இருந்த காற்றை வீட்டுக்குள் இழுத்ததும் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு தரைத் துவாரத்திலும் வாரம் ஒருமுறை அரை லீற்றர் தண்ணீர் ஊற்றுமாறு அங்கே மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

வெளிநாட்டிலுள்ள நம் உறவினர் சிலர் விடுமுறைக்குச் செல்லும் நடமாடும் வீட்டு வண்டிகளிலும் இதே கதைதான். வண்டி குலுங்கும்போது வளைவிலுள்ள தண்ணீர் சிந்திவிடும். யன்னலைச் சாத்திவிட்டுக் கூரை விசிறியைப் போட்டால், கழிவுத் தாங்கியின் மணம் உள்ளே ஏறும். வெள்ளவத்தைக் குளியலறையிலும் யன்னலைச் சாத்தி விசிறியைப் போட்டதும் மணம் கூடுகிறதென்றால், எங்கோ ஒரு நீர்க்கதவு வற்றியிருக்கிறது என்று பொருள்.

நாமே செய்து பார்க்கக் கூடியவை

1. வீட்டிலுள்ள எல்லாத் துவாரங்களிலும் ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலத்தில் மணம் குறைந்தால் காரணம் வற்றிய நீர்க்கதவே. இனி வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். நீண்ட நாள் வீட்டைப் பூட்டிச் செல்வதாயின், தண்ணீர் ஊற்றியபின் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும்.

2. தரைத் துவாரத்தின் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மூடி இருக்கும். தண்ணீர் விரைவாகப் போகட்டும் என்று அதைக் கழற்றி எறிந்து விடுவார்கள். அது இல்லாவிட்டால் நீர்க்கதவே இல்லை. வன்பொருட்கடையில் வாங்கிப் போடலாம்.

3. சமையலறைத் தொட்டியிலிருந்தோ உடுப்புத் துவைக்கும் இயந்திரத்திலிருந்தோ வரும் மெல்லிய குழாய் நேராகச் சுவர்க் குழாய்க்குள் செருகப்பட்டுள்ளதா? அப்படியானால் வளைவுள்ள துண்டு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். செருகிய இடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியையும் இறப்பர் வளையத்தால் அடைக்க வேண்டும்.

4. இன்னும் மணம் போகாவிட்டால், இரவில் ஒரு துவாரத்தை ஈரத்துணியாலும் பொலித்தீனாலும் மூடி வையுங்கள். அடுத்த இரவு வேறொன்றை மூடுங்கள். எதை மூடியபோது மணம் நின்றதோ அதுவே வழி.

5. கொமட்டின் அடியில் கைவைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தாலோ, அடிப்பக்கச் சீமெந்து வெடித்துக் கசிந்தாலோ, இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. இதற்குக் குழாய் வேலை தெரிந்தவர் தேவை.

6. மேல்மாடியில் யாரேனும் தண்ணீர் அடிக்கும்போது உங்கள் வீட்டுத் துவாரம் “களக் களக்” என்று சத்தமிடுகிறதா? காற்றுக் குழாய் அடைபட்டிருக்கலாம். கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் அந்தக் குழாய்தான் வாயுவை வெளியேற்றி, குழாய்க்குள் காற்றைச் சமப்படுத்துகிறது. அது அடைபட்டால், கீழே இறங்கும் தண்ணீர் உங்கள் வளைவிலுள்ள தண்ணீரையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். காகக் கூடும் சருகும் அடைப்பதுண்டு. மணக்கிறதென்று சிலர் அதன் வாயைக் கட்டியே விடுவார்கள். அது தவறு. ஆனால் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கட்ட வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு மலக்குழி நீரில் பெருகுவது. அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நிலையைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

குழிக்குள் போகக் கூடாதவை

மாதவிடாய்த் துவாய்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. லொட்ஜிலும் பலர் பாவிக்கும் பொதுக் குளியலறையிலும், எறிவதற்கு இடமில்லாமல், யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் நாம் அவற்றைக் கொமட்டில் போட்டுவிடுகிறோம். அவை உக்காது. தண்ணீரில் ஊதிப் பெருத்துக் குழாயை அடைக்கும். பத்திரிகைத் தாளில் சுற்றி, மூடியுள்ள வாளியில் போட்டுக் குப்பையோடு அனுப்புங்கள். பொதுக் குளியலறையில் மூடியுள்ள வாளி ஒன்று வைக்குமாறு கேட்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

பொரித்த எண்ணெய், சோறு, தலைமயிர், குழந்தையின் பம்பர்ஸ், பொலித்தீன் எதுவும் வேண்டாம். எண்ணெய் குழாய்க்குள் உறைந்து கல்லாகும். பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மீறிக் கொட்டினால் தாங்கியில் வேலை செய்யும் பற்றீரியா அழிந்து, மணம் கூடும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் பாவிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மையான குளோரின் வாயு வரும். சிறிய, காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். சாணம், ஈஸ்ற் முதலியவற்றைக் குழியில் போடச் சொல்வோரும் உண்டு. தேவையில்லை. வேண்டிய பற்றீரியா மலத்திலேயே உண்டு.

தாங்கி நிரம்பியதை அறிவது எப்படி?

தண்ணீர் மெதுவாக இறங்கும். குழிக்கு மேலுள்ள நிலம் ஈரமாயிருக்கும். அங்கே புல் மட்டும் செழித்திருக்கும். மழைக்குப்பின் மணம் கூடும். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தாங்கியை நான்கு குடும்பங்கள் பாவித்தால் விரைவில் நிரம்புவது இயல்பு. பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவு உறிஞ்சும் பவுசரை அழைக்க வேண்டும். மாநகரசபையிடமும் இச்சேவை உண்டு. தனியார் பவுசராயின் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் வளவிலிருந்து எடுத்ததை இரவில் கால்வாயில் ஊற்றினால், அது இன்னொரு தாயின் வாசலுக்குத்தான் போகும்.

வெள்ள காலத்தில் இன்னும் கவனம் தேவை. 2009 ஆகஸ்ட் மாதம் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் பெய்த மழையில் மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்ததை, அங்கிருந்த சகோதரிகளுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. 2016 மே மாத வெள்ளத்தின்போது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி மக்களும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அவதிப்பட்டனர். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியன இப்படித்தான் பரவுகின்றன. வெள்ளம் வடியும்வரை குழியில் தண்ணீர் அடிக்காதீர்கள். நிலம் நீரில் ஊறியிருக்கும்போது தாங்கியை வெறுமையாக்கவும் வேண்டாம். வெறும் தாங்கியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடக்கூடும். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு சிறிதளவாக இருக்கும்போது நன்றாக மணக்கும். காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். மணமே தெரியாது. “மணம் குறைந்துவிட்டது, இறங்கலாம்” என்று எண்ணும் வேளைதான் மிக ஆபத்தானது. அளவு மேலும் கூடினால் ஓரிரு மூச்சில் மயங்கி விழ நேரும். விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குவான், பிறகு தகப்பன் இறங்குவார். ஒரு குழிக்குள் ஒரு குடும்பமே போன சம்பவங்கள் உலகில் பல உண்டு.

கணவனை இழந்து, ஒரே மகனின் நாட்கூலியில் வாழும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். “ஒரு மணித்தியால வேலை, கையோடு காசு” என்று யாரும் உங்கள் மகனை மலக்குழிக்குள் இறங்க அழைத்தால், “இல்லை” என்று சொல்லுங்கள். எந்தக் கூலியும் அதற்கு ஈடாகாது. இந்தியாவில் இப்படி மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபா வழங்குமாறு 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2023இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் அங்கே சாவுகள் தொடர்கின்றன. பவுசரின் குழாய் இறங்கட்டும். மனிதர் இறங்க வேண்டாம்.

யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால், பின்னால் இறங்காதீர்கள். கூக்குரலிட்டு ஆட்களைக் கூட்டுங்கள். தீயணைப்புப் படைக்கு 110, அம்புலன்சுக்கு 1990. மூடியைத் திறந்த குழியருகே தீக்குச்சி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. வெடித்த மூடியின்மேல் பிள்ளைகள் விளையாடவும் விடாதீர்கள். மூடி பழுதென்றால் அன்றே பலகையோ வேலியோ இட்டு மறித்துவிட்டு, சொந்தக்காரருக்கு அறிவியுங்கள்.

யாரிடம் சொல்வது?

வளைவில் தண்ணீர் ஊற்றுவதும், துவாரத்தைச் சுத்தமாக வைப்பதும் குடியிருப்போர் வேலை. வெடித்த குழாய், இல்லாத காற்றுக் குழாய், நிரம்பும் தாங்கி ஆகியவை கட்டடத்தைச் சார்ந்தவை. அவற்றைச் சொந்தக்காரரிடம் திகதியிட்டு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்மாடியாயின் பொதுக் குழாய்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வரும். அதற்கு மேல் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. கழிவு வெளியே வழிந்து அயலுக்குத் தொல்லையாகுமானால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

“சிங்களம் தெரியாதே” என்று பின்வாங்க வேண்டாம். மேல் மாகாணத்திலும் அரச அலுவலருடன் தமிழில் அலுவல் பார்க்கவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த உரிமை அது. நடைமுறையில் தாமதம் ஏற்படலாம். ஆயினும் தமிழில் எழுதிய கடிதத்தை ஏற்க மறுக்க முடியாது.

ஊர் திரும்பி வீடு கட்டுவோர் கவனத்திற்கு

யாழ்ப்பாணத்தில் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணக்கல். அதிலுள்ள வெடிப்புகளாலும் பொந்துகளாலும் மலக்குழி நீர் விரைவாகக் கிணற்றை எட்டிவிடும். ஆகவே தூரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அடியும் பக்கமும் கசியாதபடி சீமெந்து பூசிய, இரண்டு அறைகள் கொண்ட தாங்கியைக் கட்டுவியுங்கள். உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து வளவு இடங்கொடுக்கும் ஆகக் கூடிய தூரத்தில் வையுங்கள். அயல்வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுங்கள். பவுசர் வந்து நிற்க வழி விடுங்கள்.

முற்பணம் கொடுக்க முன்

வீடு பார்க்கப் போகும்போது சாமியறையையும் சமையலறையையும் பார்க்கிறோம். இனி இவற்றையும் கேளுங்கள். கழிவு தெருக் குழாய்க்குப் போகிறதா, வளவுக் குழிக்கா? குழியாயின் எத்தனை குடும்பம் பாவிக்கிறது? கடைசியாக எப்போது பவுசர் வந்தது? அடுத்த தடவை செலவு யாருடையது? காற்றுக் குழாய் கூரைக்கு மேலே தெரிகிறதா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இப்படி விபரம் தெரிந்து கேட்கும் பெண்ணிடம், “உங்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை” என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

அடுத்த இதழில், கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கியைச் சுத்தம் செய்வது பற்றிப் பார்ப்போம்.